முகூர்த்தமில்லாத பீடபூமி

கல்யாணப் போட்டோக்காரனுக்கு ஆடி மாதம்தான் ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் கிடையாது, ரிசப்ஷன் கிடையாது, "தாலி கட்டுனது படத்துல சரியா விழலையாம், இன்னொருக்கா கட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்க ஆள் கிடையாது. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டம் வடிந்த மறுநாள் நான் கிளம்பிவிடுவேன். என்னைப்போல் மண்டபம் மண்டபமாக அலைகிற நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு லடாக்கின் உயர்ந்த பீடபூமிக்குப் போவேன். ஒரே வண்டி. ஒரே இடத்தில் நாலு நாள். யாரும் கேட்காத படத்தை எடுக்க வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான்.

கேமராவை நம்பிச் சோறு தின்னும் சகாக்களே, உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். புரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கே சில நாள் புரிவதில்லை. வண்டிக்கு ஆள் சேர்ந்தால்தான் பயணம். சேராவிட்டால் ஆடியிலும் கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டியதுதான். என் பிடிவாதத்தை இன்னும் எத்தனை பேர் தாங்குவார்கள் என்பதே என் கவலையாக இருந்தது. இந்த ஆடியில் அதற்கு விடை கிடைத்துவிட்டது.

சுவரில் ஒரு படம்

போன ஆடியில் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்தேன். பழுப்புத் தரை, அதற்கு மேல் வானம், இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. என் மனைவி கோமதி அதைப் பார்த்துவிட்டு, ஆணி தாங்குமா என்று மட்டும் கேட்டாள். படத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மகள் கல்யாணத்துக்குப் பேச வந்த விசைத்தறி முதலாளி ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. தன் முகம் இல்லாத படத்தின் முன்னால் என் கடையில் யாரும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. "பிடிச்சிருக்கா அண்ணாச்சி?" என்று மெல்லக் கேட்டேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்:

"பேக்ரவுண்டு அருமையா இருக்கு. மாப்பிள்ளை பொண்ண இதுல எப்போ ஒட்டுவிய?"

மாடிப்படி

லேயில் விமானம் இறங்கியதும் இரண்டு நாள் படுக்கை. காற்று மெலிந்த ஊர். உடம்பு பழகுவதற்குள் ஆடினால் தலைவலியில் தொடங்கி ஆஸ்பத்திரியில் முடியும். தண்ணீர் குடிக்க வேண்டும், படுக்க வேண்டும், திரும்பிப் படுக்க வேண்டும்.

இந்த ஆடியில் என்னோடு வந்த திருவேங்கடத்துப் பரமசிவனால் இது ஆகாது. ஒரே முகூர்த்த நாளில் மூன்று மண்டபத்துக்குப் பைக்கில் பறக்கிறவன் அவன். நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சூரியன் மறைவதை எடுக்க டிரைபாடைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பிவிட்டான். தேடிப் போனால், பாதிப் படியில் டிரைபாடைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். முகம் வெளுத்துக் கிடந்தது. "ஏலே, சொன்னா கேக்க மாட்டியா?" என்றேன். ரொம்ப நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்:

"எங்க ஊர்லலாம் மாடி இவ்ளோ தூரத்துல இருக்காது அண்ணாச்சி."

கொஞ்சம் தாடையை இறக்குங்க

பீடபூமியில் உப்புப் பூத்த ஓர் ஏரிக்கரையில் கூடாரம். கண்ணுக்கு எட்டும்வரை மரம் இல்லை, கம்பம் இல்லை, மனிதர் இல்லை. எங்கள் ஆட்கள் இறங்கிய வேகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவரை ஒருவர் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் தாடையை இறக்குங்க", "தோளைத் திருப்புங்க", "சிரிங்க". நடுவில் ஆள் இல்லாவிட்டால் இவர்களுக்குக் கேமராவை எங்கே திருப்புவதென்று தெரிவதில்லை. குறை சொல்லவில்லை. முதல் வருடம் நானும் டிரைவரைத்தான் நிறுத்திவைத்து எடுத்தேன்.

அந்தப் பக்கமாக ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி வந்தாள். விட்டார்களா? சுற்றி வளைத்து, மணப்பெண்ணை நிறுத்துவதுபோல் நிறுத்திவிட்டார்கள். கையை இங்கே வை, கண்ணை அங்கே வை. அவளும் பொறுமையாக நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ சொன்னாள். டிரைவர் அதை இந்தியில் சொன்னார். எங்களில் இந்தி தெரிந்தவர் கடையநல்லூர் ஷாகுல் பாய் ஒருவர்தான். ஸ்டுடியோ வைப்பதற்கு முன் வளைகுடாவில் இருந்தபோது கற்றது. பாய் முதலில் மலையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"அவ மூஞ்சி எங்கயும் போவாதாம், எப்ப வேணா எடுத்துக்கிடலாமாம். ஆடு போயிட்டுதாம். எவன் போயி பத்திட்டு வாறான்னு கேக்கா."

ஓட்டு

மறுநாள் மேகம். அதற்கு மறுநாளும் மேகம். ஏரி சாம்பல், தரை சாம்பல், எங்கள் முகமும் சாம்பல். காலைத் தேநீரின்போது பரமசிவன் எழுந்து நின்றான். சினிமாவில் வந்த அந்த நீல ஏரிக்கு ஒரு பகல் ஓட்டம்தான், இன்றைக்குப் போய் நாளை சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றான். "அந்த ஏரி இல்லாம ஊருக்குப் போனா, லடாக் போனேன்னு எவன் அண்ணாச்சி நம்புவான்? ஓட்டுப் போடுவோம்."

"ஓட்டெல்லாம் கிடையாது. நாலு நாள்னு சொல்லித்தானவே கூட்டியாந்தேன்?"

"கூட்டியாந்திய. கட்டிப் போடுவீயன்னு சொல்லலையே."

அது உறைத்தது. ஊரெல்லாம் என்னை விரட்டி வேலை வாங்கியதற்கு இவர்களைப் பிடித்து வைத்துப் பழி தீர்க்கிறேனோ? முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடினவன் சும்மா இருப்பதையும் ஒரு சட்டமாக்கிவிட்டேனோ? யோசித்தேன். யோசித்த பிறகும் எனக்கு அந்த ஏரிக்குப் போகத் தோன்றவில்லை. "வண்டிய எடுத்துட்டுப் போங்க. நான் இங்கனதான் இருப்பேன்" என்றேன். கெஞ்சுவார்கள் என்று நினைத்தேன். பையைக் கட்டினார்கள். எங்களோடு வந்திருந்த ராஜபாளையத்து இரட்டையர் இருவரும் என் கண்ணைப் பார்க்காமல் ஏறினார்கள். புழுதி அடங்கியபோது ஷாகுல் பாய் மட்டும் தேநீர்க் கோப்பையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர்கள் பக்கம் ஆடியிலும் கல்யாணம் உண்டு; வளைகுடா மாப்பிள்ளை ஒருவரின் லீவுக்குள் நடக்கும் கல்யாண ஆர்டரை மச்சானிடம் விட்டுவிட்டு வந்தவர். நான் என் கோப்பையோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்காகன்னு நெனச்சிராதிய அண்ணாச்சி. முன்சீட்டு கேட்டேன், பரமசிவன் தர மாட்டேன்னுட்டான்."

இரண்டு நாற்காலி

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. பாய் தொழுதார், தூங்கினார், எழுந்து மறுபடி தொழுதார். நான் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நாலு கல்யாணம் எடுக்கிற நேரத்துக்கு ஒரு படமும் எடுக்கவில்லை. மோசமான ஒரு சந்தேகம் வந்தது: எனக்குச் சொந்தமாகப் பார்க்க ஒன்றுமே இல்லையோ, யாராவது "இதை எடுங்க" என்று சொன்னால்தான் என் கண் திறக்குமோ?

மறுநாள் பிற்பகலில் மேகத்தில் எங்கோ ஓட்டை விழுந்தது. வெளிச்சம் ஒரு துண்டு, தூரத்துக்குப் போர்வை அளவுக்குத்தான் தெரிந்தது, உப்புத் தரைமேல் மெதுவாக நகர்ந்து போனது. யாரையும் தேடாமல், எதன்மேலும் நிற்காமல் போனது. எடுத்தேன். போய் முடியும்வரை எடுத்தேன். பாயிடம் திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தொழில்காரர், பொய் சொல்ல மாட்டார்.

"நல்ல படம்னு சொல்ல மாட்டேன். ஆனா நூறு படத்துல கலந்து வச்சாலும், இது இந்த முரட்டு மனுசன் எடுத்ததுன்னு சொல்லிருவேன்."

மூணு ஏரி, அஞ்சு நாள்

சாயங்காலம் வண்டி திரும்பியது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதை மறைக்க மாட்டேன். அந்த ஏரிக்கரையில் சினிமாவில் வந்ததுபோலவே வாடகைக்கு வைத்திருக்கும் ஸ்கூட்டரில் ஒவ்வொருவரும் உட்கார்ந்து கையை விரித்து எடுத்திருந்தார்கள். மூன்று பேர் படத்திலும் அதே ஸ்கூட்டர், அதே கை, அதே நீலம். படங்கள் கூர்மையாக, சுத்தமாக இருந்தன. ஊரில் நன்றாக ஓடும். பரமசிவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சண்டைக்கு வரவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்:

"அடுத்த ஆடிக்கு நானே ஒரு குரூப் போடுதேன் அண்ணாச்சி. மூணு ஏரி, அஞ்சு நாள். நீங்களும் வாங்க, முன்சீட்டு உங்களுக்குத்தான்."

பஸ்

பரமசிவன் குரூப்புக்கு இப்போதே ஆள் சேர்ந்துவிட்டது. ராஜபாளையத்தார் இருவரும் அதில். எனக்கு மிஞ்சியது ஷாகுல் பாய். இரண்டு பேரால் வண்டி வாடகை தாங்காது. முடிந்துபோன கதை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வாரம் கடையில் பாஸ்போர்ட் படமாக எடுத்துத் தள்ளினேன். அப்புறம் பாய் போன் செய்தார். லேயிலிருந்து அந்தப் பக்கம் எப்போதாவது ஒரு பஸ் போகிறதாம். போனால் அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதானாம். யார் நினைத்தாலும் கிளம்ப முடியாதாம். "நாலு நாளைக்கு மேலயே ஆவும் போலிருக்கே பாய்!" என்று சந்தோஷத்தில் கத்தினேன். கடைக்கு வந்திருந்த வாடிக்கையாளர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த கோமதி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:

"ரெண்டு கெழவனுவ பஸ்சுல போயி மாட்டிக்கிடுததுக்குப் பேரு குரூப்பா?"

ஆமாம், குரூப்தான், மற்றவர்கள் எல்லாவற்றையும் அஞ்சு நாளில் பார்த்து முடித்துவிட்டு வரட்டும், மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.