ஹந்தானையில் பிள்ளைகளுக்கு நட்டுவாக்காலி காட்டிய நாள்

போன ஞாயிறு கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானைத் தோட்டத்துக்குப் போய், தங்கை பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பெருஞ்சிலந்தியையும் நட்டுவாக்காலியையும் உயிரோடு காட்டிவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்பீர்கள். மூத்தவள் ஸீனத்துக்கு ஒன்பது வயது. அலுமாரிக்குள் சட்டை எடுக்கக் கை விட்டபோது ஒரு சிலந்தி கையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அலுமாரிப் பக்கம் போகமாட்டாள். தங்கைக்கோ நிறைமாதம். அவள்தான் எழுந்து வந்து ஒவ்வொரு சட்டையாக உதறிக் கொடுக்கிறாள்.

"பயத்தை நான் போக்குகிறேன்" என்றேன். மச்சான் சிரித்தார். மூன்றாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டது உண்மை. அதற்குமேல் அங்கிருந்த வாத்தியாருக்கே ஒன்றும் தெரியாது.

காலை ஆறே முக்காலுக்குக் கம்பளையில் ரயில் ஏறினோம். டிக்கட் எனக்கு முப்பது சதம், ஸீனத்துக்கும் தம்பி நிஸாருக்கும் அதில் பாதி. ஏழரைக்குக் கண்டி. அங்கிருந்து மேலே இரண்டரை மைல் ஏற்றம். என் காலுக்கு அரை மணி. பிள்ளைகள் வந்ததால் ஒன்றே முக்கால் மணி. வழியில் நாற்பது அட்டை என்னைக் கடித்தது. நிஸார் நாலு என்றான். சின்னப் பிள்ளை, எண்ணத் தெரியாது.

தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் முத்தம்மா காத்திருந்தாள். தோட்டத்து விறகு அடுக்குகிறவள், என்னிடம் சேலை வாங்குகிறவள். விறகில் அகப்பட்டதைப் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

"வாங்க மொதலாளி. பயம் புள்ளைக்கா, உங்களுக்கா?"

"எனக்கா? நான் சிறுத்தையையே விரட்டினவன்."

"போன மாசம் கரப்பானப் பாத்து சேல மூட்டையப் போட்டுட்டு ஓடுனீங்களே, அப்பவா?"

கண்ணாடிச் சாடிக்குள் சிலந்தி இருந்தது. கால் விரித்தால் சோற்றுப் பீங்கான் அளவு, காலெல்லாம் மஞ்சள் வரி. ஸீனத் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"கடிக்குமா?" என்றாள்.

"அழுத்துனா கடிக்கும். அதுக்கு நம்மளப் பாத்துத்தான் பயம். விறகுல கை வைக்க முந்தி நாங்க மூணு தட்டுத் தட்டி, பத்து எண்ணுவோம். அது ஓடிரும்" என்றாள் முத்தம்மா.

அடுத்து கவிழ்த்து வைத்திருந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கினாள். அடியில் கன்னங்கரேலென்ற நட்டுவாக்காலி, நண்டுக் கொடுக்கும் தேள் வாலுமாக. அதன் குலம் கோத்திரமெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்கினேன். வேர்த்ததால் துருக்கித் தொப்பியைக் கழற்றி விறகின்மேல் வைத்திருந்தேன். புறப்படும்போது அதை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோனேன்.

"மாமா, போடாதீங்க! தட்டுங்க!" என்று ஸீனத் கத்தினாள்.

தட்டினேன். உள்ளிருந்து இன்னொரு நட்டுவாக்காலி விழுந்தது. நான் துள்ளியது அதற்கு வழிவிடத்தான். முத்தம்மா சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸீனத் மட்டும் குனிந்து, "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினாள். எட்டுக்குள் அது விறகுக்குள் மறைந்துவிட்டது.

போக நினைப்பவர்கள் தோட்டத்துக் கங்காணியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் குளிக்கிற சவர்க்காரம் பூசுங்கள். எதையும் தொடவேண்டாம், பார்த்தால் போதும். விறகின்மேல் தொப்பி வைக்காதீர்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் குளித்துவிட்டு வந்த ஸீனத், அலுமாரிக் கதவை மூன்று தட்டுத் தட்டினாள். பத்து எண்ணினாள். தானே நீலச் சட்டையை எடுத்தாள். தங்கை கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

"ஆரு படிச்சுத் தந்த?" என்று மச்சான் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

ஸீனத் என் தொப்பியைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல பிள்ளை.