மருத்துவர் இல்லாத கப்பல்

கடற்கொள்ளையர் கதை ஒன்றை அமைக்க உட்கார்ந்தபோது, முதல் வேலையாக மருத்துவரைத் தூக்கிக் கடலில் போட்டேன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு இது. கதையைக் கட்டுவது நான். ஆடுவது என் கணவர், என் தோழி, அவள் தம்பி. ஞாயிறு மதியங்களில், ஜாலான் புசார் சாலையில் இரும்புக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டில் கூடுவோம்.

எந்தக் கதையானாலும் தோழி மருத்துவராகத்தான் வருவாள். குவீன்ஸ்டவுன் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்பவள், இங்கே வந்தும் மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை. அப்பாவுக்குத் துணையாகப் புதிதாக வந்த பணிப்பெண்ணுக்கு ஞாயிறு ஓய்வுநாள். "இன்னும் ஒரு வாரம்தான்டி வருவேன். அப்புறம் அப்பாகூட யாரு இருப்பா?" என்றாள்.

"பாவம்க்கா நீ," என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்தான், ஊரின் மறுகோடியில் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் தம்பி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் குடும்ப விஷயம், வாயை மூடிக்கொண்டேன். கோபத்தையெல்லாம் புதுக் கதையில் கொட்டினேன்.

தம்பிக்குப் பாய்மரக் கயிற்றில் தொங்கியபடி வாள் வீசும் கழைக்கூத்தாடி. கணவருக்கு, தப்பாக மொழிபெயர்த்தே எதிரியைக் கவிழ்க்கும் துபாஷி. தோழிக்கு அறம்பாடி. புலவர் அறம் பாடினால் எதிரி அழிவான் என்பார்களே, அதேதான். ஒரே விதி: எதிரி செய்த அநியாயத்தை அவன் முகத்துக்கு நேரே தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பகடை.

"எனக்குத் திட்டவே வராதே," என்றாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். ஆட்டத்தில் ஆளுநரின் படை எங்கள் கப்பலில் ஏறியது. கழைக்கூத்தாடி வெட்டுப்பட்டு விழுந்தான். பழக்கதோஷத்தில் தம்பி, "அக்கா, கட்டுப் போட்டு விடு," என்றான்.

"நான் அறம்பாடிடா," என்றவள், ஆளுநராகப் பேசிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினாள்.

"ஆளுநரே, நீங்க மேல் மாடத்துல நிக்கிறீங்க. கீழ துடுப்புப் போடுறவங்களைப் பார்த்துப் பாவம்னு சொல்றீங்க." குரல் மெதுவாகத்தான் இருந்தது. "பாவம்னு சொன்னா கப்பல் போயிடுமா? கை மரத்துப்போச்சுன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒரு நாள் வந்து பிடிச்சியா? ஒரே ஒரு நாள்?"

அவள் கண் என் மேல் இல்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் எழுந்துபோய்த் தேநீர் போடுகிற மாதிரி சத்தம் செய்தார். நான் பகடையை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிறகு, "வீட்டுச் சாவி குடுக்கா. அப்பாவுக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டான்.

"கஞ்சிதான். தலையைத் தூக்கிப் பிடிச்சுக் குடுக்கணும். அவசரப்படுத்தாத."

"இனிமே ஞாயித்துக்கிழமைக்கு அப்பாகிட்ட நான் வந்துடுறேன்."

அவன் படியிறங்கிப் போனதும் அவள் அழுதாள். நாங்கள் தடுக்கவில்லை. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு நெருக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சரி, அறம் பாட இன்னும் யாரு பாக்கி?" என்றாள்.