பார்க்கிங் லாட்டில் பல்லக்கு

2001 கோடையில், அமெரிக்காவில் மில்பிடாஸில், என் கணவருக்கு வேலை போனது. விசா வேலையோடு ஒட்டியது; சீக்கிரம் இன்னொன்று கிடைக்காவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்குப் பெரிய கவலை அதுவல்ல. அவர் மனிதர்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். இந்தியக் கடைக்குக்கூட வரமாட்டார். வெண்டைக்காய் பொறுக்கும்போது யாராவது "எந்தக் கம்பெனி?" என்று கேட்டுவிடுவார்களாம்.

எங்கள் கோயில் அப்போது வாடகைக் கிடங்கு ஒன்றில், டயர் கடைக்கு அடுத்து இருந்தது. பிள்ளையார் சதுர்த்தி ஊர்வலத்துக்காக முதன்முதலாக ஒரு பல்லக்கு வந்திருந்தது. தூக்க நான்கு பேர் வேண்டும், நால்வரும் ஒரே உயரம். பொறுப்பேற்றிருந்த டாக்டர் அங்கிள் போன் செய்தார்.

"அவர் ஹைட் என்னம்மா?"

"அஞ்சு ஒன்பது, அங்கிள்."

"ஷூவோடயா, ஷூ இல்லாமலா?"

"இல்லாம."

"கரெக்ட். சனிக்கிழமை காலைல ப்ராக்டிஸ். கூட்டிட்டு வந்துடு."

"இந்த மாசம் நான் பாஸ் பண்ண ஒரே இன்டர்வியூ" என்றார் கணவர். ஆனால் சனிக்கிழமை கோயில் வாசலில் காரைவிட்டு இறங்கவில்லை. அங்கிள் வந்து கண்ணாடியைத் தட்ட வேண்டியிருந்தது.

ஒத்திகையில் பிள்ளையாருக்குப் பதில் இரண்டு அரிசி மூட்டைகள். கணவர் பின்னால் இடதுபக்கம். ஒருவர் ராணுவம்போல "லெஃப்ட், ரைட்" சொல்ல, பல்லக்கு ஆடி, ஒரு மூட்டை பார்க்கிங் லாட் தாரில் விழுந்தது.

"அங்கிள், யூ டிராப்ட் காட்!" என்று கத்தினாள் ஒரு சிறுமி.

மறுபடி தூக்கினார்கள். முன்னால் போனவர் திரும்பாமலே கேட்டார்: "பின்னாடி பாஸ், எந்தக் கம்பெனி?"

தோளில் தண்டு. எங்கே ஓடுவது?

"கம்பெனி இல்ல. லே ஆஃப்."

"அட, நானும்தான்!"

"நானும்" என்றார் பக்கத்துத் தண்டைப் பிடித்திருந்தவர்.

நான்காமவர் சங்கடமாக, "எனக்கு வேலை இருக்கே" என்றார்.

"அதான் உன் சைடு மட்டும் இறங்குது. எங்களுக்கு வெயிட் தாங்கிப் பழகிடுச்சு!" என்றார் முன்னால் போனவர்.

சிரித்ததில் மறுபடி மூட்டை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அந்த மூவருக்கும் வேலை கிடைக்க மழைக்காலம் ஆனது. நடை அன்றைக்கே சேர்ந்துவிட்டது.

சதுர்த்தியன்று முகூர்த்தம் பார்த்ததில் ஊர்வலம் உச்சி வெயிலில் அமைந்தது. தூக்குபவர்கள் வெறுங்கால். தார் கொதித்தது. நான் ரப்பர் குழாயால் அவர்களுக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தபோதுதான் ஒன்று கவனித்தேன். பிள்ளையாரைக் கூட்டம் முழுவதும் பார்த்தது. தூக்கிய நால்வரால் பார்க்க முடியவில்லை. என் கணவருக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நடந்தவரின் ஈரக் குதிகால்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் அங்கிள், "போதும், ஆள் மாத்திக்கலாம்" என்றார். மாற்று ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக நின்றார்கள்.

"இருக்கட்டும் அங்கிள். இப்பதான் செட் ஆகுது" என்றார் என் கணவர். மற்ற மூவரும் தண்டைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

இரண்டாம் சுற்று முடிந்து பல்லக்கை இறக்கினார்கள். அவர் தோள் கன்றிச் சிவந்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். பூக்களுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் பிள்ளையார்.

"இத்துனூண்டு இருந்துட்டு என்ன வெயிட்டு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, நான் பார்த்தவரையில் முதல்முறையாக, கைகூப்பினார்.