உடைந்த திருகின் மறுபாதி

எங்கள் கடை வரிசையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவருக்கு 'அவசரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒரு திருகைக் கழற்ற அரை நாள் எடுத்துக்கொள்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரே சுவர். நான் இரண்டு சட்டை தைத்து, பட்டனும் கட்டி மடித்து வைத்திருப்பேன். அவர் காலையில் எடுத்த அதே துப்பாக்கியை முறைத்துக்கொண்டிருப்பார். வாடிக்கைக்காரர்கள் கத்தினால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கோபம் தலைக்கேறினால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டார் என்று முகத்துக்கு நேராகவே கேலி செய்வேன். இருக்கிற ஒரே தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். அவள் என்றால் அவருக்கு உயிர்.

அன்று காலை அந்தத் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கிடங்கில் காவலாளி. கையில் வேலைக்குக் கொண்டுபோகிற துப்பாக்கி, நடுவில் மடித்துத் திறக்கிற ஒற்றைக்குழல். பக்கவாட்டுத் திருகின் தலை தெறித்துவிட்டது. மீதி உள்ளே மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் திறக்கவே விடவில்லை.

"மச்சான், மத்தியானம் ஆபீசர் துப்பாக்கியைப் பாக்க வர்றார். இப்படியே கொண்டு போனா வேலை போயிடும். நீங்க சூடு காட்டினா டக்குனு வந்துடாது?"

நான் தேநீர் கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். குடும்பச் சண்டை ஏதாவது இருந்தால் கேட்கலாம் என்கிற நல்லெண்ணம்தான்.

அவசரம் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் திறந்து உள்ளே பார்ப்பார். அதன் பிறகுதான் வாயைத் திறப்பார். இதைத் திறக்க முடியாது. அதனால் குழலைத் துடைக்கிற நீளக் குச்சியைக் குழலின் வாய் வழியாக உள்ளே விட்டார். நின்ற இடத்தில் கட்டைவிரலால் பிடித்து, வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்து அளந்தார். மறுபடி விட்டார். மறுபடி அளந்தார்.

"உள்ள என்ன மாப்பிள்ளை இருக்கு?"

"வெத்துத் தோட்டா மச்சான். வீட்டுக்கு வந்ததும் உள்ள இருக்கறதை எடுத்துட்டு, சுட்டுப்போன கூட்டைப் போட்டு விசையை இழுத்து வைப்பேன். ஸ்பிரிங் இறுகியே இருந்தா கெட்டுப்போகும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"வெத்துத் தோட்டான்னா வாய் திறந்திருக்கும். குச்சி அடிவரைக்கும் போகணும். இது நாலு விரல் முன்னாடியே நிக்குது."

மாப்பிள்ளை இடுப்புப் பையைத் திறந்தார். அதிலிருந்து எடுத்த சிவப்புத் தோட்டா ஒன்று வாய் திறந்து, உள்ளே காலியாக இருந்தது. கூடு பையில் இருக்கிறது. அப்படியானால் கூட்டுக்குப் பதிலாக உள்ளே போனது நிஜத் தோட்டா. இரண்டும் ஒரே சிவப்பு. என் கையிலிருந்த தேநீர் தட்டில் சிந்தியது. சூடு காட்டச் சொன்ன மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவசரம் எழுந்து, குழலின் வாய் சுவரோரம் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளைப் பார்க்கும்படி துப்பாக்கியை மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் மரக்கட்டை வைத்து இறுக்கினார். அந்த மூட்டைகளுக்குப் பின்னால் என் சுவர். சுவருக்குப் பின்னால் என் நாற்காலி. இத்தனை காலமும் என் முதுகைப் பார்த்துத்தான் துப்பாக்கிகள் நின்றிருக்கின்றன என்பது அன்றுதான் உறைத்தது. அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னேன்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றார்.

"அண்ணே, விட்டுடுங்க. வேலை போனா போகட்டும்," என்று தங்கை அவர் சட்டையைப் பிடித்தாள்.

"விட்டுட்டு இதை யார் கையில குடுக்கறது? திறக்கவும் முடியாது, சுடவும் முடியாது. நீ போம்மா."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். துப்பாக்கியின் சுத்தி தோட்டாவின் முதுகில் சாய்ந்தபடி நின்றது. கொஞ்சம் ஓங்கித் தட்டினால் வெடித்துவிடும். எண்ணெய் விட்டார், காத்திருந்தார். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஊசிமுனை உளியை உடைந்த திருகின் விளிம்பில் சாய்த்து வைத்து, தலையில் குட்டு வைக்கிற அளவுக்குத் தட்டினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் தங்கை என் கையை நசுக்கினாள். சீக்கிரம் சீக்கிரம் என்று உலகமே அவரை விரட்டியிருக்கிறது. அன்று நான் ஐயோ மெதுவா, மெதுவா என்று முனகிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சாமணத்தால் எதையோ பிடித்துத் திருகி இழுத்தார். துப்பாக்கி மடிந்து திறந்தது. சிவப்புத் தோட்டா அவர் உள்ளங்கையில் விழுந்தது. மாப்பிள்ளை "அப்பாடா!" என்று ஓடினார். நாங்களும் போனோம்.

அவசரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்தும் போட்டுக்கொள்ளவில்லை. தோட்டாவின் பின்பக்கம், நடுவில், ஒரு சின்னக் குழி இருந்தது.

"இது என்னண்ணே?" என்றாள் தங்கை.

"சுத்தி அடிச்ச தடம். ஆழமா விழுந்திருந்தா வெடிச்சிருக்கும். திருகு முன்னாடியே உள்ள உடைஞ்சிருக்கு. அந்தத் துண்டு தடுத்ததால பாதி அடிதான் விழுந்திருக்கு."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நேத்து சாயங்காலம் நீங்க இழுத்தப்ப அது எந்தப் பக்கம் பாத்துச்சு?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல?"

"காலின்னு நினைச்சுதான்... சும்மா மடியில வச்சிருந்தேன். நீ எதிர்ல உக்காந்து பாப்பாவுக்குத் தலை வாரிட்டு இருந்தே."

"டிக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. பாப்பா என்னப்பான்னு கேட்டா. ஒண்ணுமில்லடான்னீங்க."

அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. முகம் வெளுத்து, உதடு மட்டும் துடித்தது. அண்ணன் தோளைத் தொட வந்தார். அவர் கையில் இன்னும் அந்தத் தோட்டா இருந்ததைப் பார்த்துப் பின்வாங்கினாள். அப்படியே செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, பாப்பாவின் பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாக ஓடினாள். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருக்கு என்று நான் பின்னால் கத்தியது அவள் காதில் விழவில்லை.