விக்கெட்டுக்குப் பின்னால் கேட்ட புத்திமதி

நுரைச்சோலையில் நடந்த இரண்டு நாள் ஆட்டத்தில் எதிரணியின் விக்கெட் காப்பாளராக நின்றவர் அவர். நாற்பது வயதிருக்கும், மருதாணி பூசிய தாடி, வெயிலில் வெளுத்த தொப்பி. கடற்காற்று ஸ்டம்பின் மேலிருக்கும் பேல்ஸைத் தட்டிவிடும் போதெல்லாம் பிஸ்மி சொல்லி எடுத்து வைப்பார்.

மாவட்ட அணிக்குத் தெரிவாக எனக்கு ஒரு பெரிய சதம் வேண்டியிருந்தது. நன்றாகத் தொடங்கி அறுபதுக்குள் ஆட்டமிழப்பதே என் வழக்கம் என்று தெரிவுக்குழுவினர் சொல்லியிருந்தார்கள். அன்று நான் ஐம்பதைத் தொட்டதும் அவர்தான் முதலில் கைதட்டினார்.

"மாஷா அல்லாஹ், தம்பி! இப்பதான் வந்த மாதிரி, மட்டையை எந்த ஸ்டம்புக்கு நேரா வைக்கிறதெண்டு நடுவரிட்ட திரும்பக் கார்ட் கேளுங்க. டெஸ்ட்ல இருநூறு அடிக்கிறவங்க அப்படித்தான். கொஞ்ச நேரத்துக்குத் தூக்கி அடிக்க வாணாம்."

எதிரணிக்காரர் எனக்கு நல்லது சொல்வாரா? நான் தூக்கி அடிப்பேன் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். அடுத்த பந்தையே தூக்கினேன். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவருடைய கையிலேயே போட்டது.

பகல் சாப்பாட்டு நேரம் அவரிடம் போய், முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பது போல 'நானா' என்று அழைத்துக் கேட்டேன்.

"நானா, ஏமாத்தத்தானே அப்படிச் சொன்னீங்க?"

"அல்லாஹ்வே, பொய் சொல்லுவேனா? சொன்னதெல்லாம் சரியான கதை. நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கண்டும் தெரியும்," என்று சிரித்தபடி, தன் சோற்றுப் பார்சலிலிருந்து ஒரு மீன் துண்டை என் பக்கம் வைத்தார்.

அந்த முறை நான் தெரிவாகவில்லை. டெஸ்ட் ஆட்டத்தில் நன்றாகத் தொடங்கிய ஒருவர் அறுபதில் வெளியேறும்போது, மற்றவர்கள் பந்துவீச்சைப் பற்றிக் கதைப்பார்கள். பின்னால் நின்றவர் அவரிடம் என்ன உண்மையைச் சொன்னார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.