ஊர்ப் பேச்சுக்கு இளகியவள்

மைசூரில், வீடில்லாத தாய்மார்கள் பிள்ளைகளோடு தங்கும் விடுதியில் நான் வார்டன். உள்ளே இருப்பவர்களைப் பற்றிப் போனில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி.

ஒரு நாள், "ஹனூர்லிருந்து செல்வியோட அண்ணன் பேசறனுங்க. தங்கச்சி நல்லா இருக்குதுங்களா?" என்றது ஒரு குரல். நாளெல்லாம் கன்னடம் கேட்கும் காதில் என் ஊர்க் கொங்குப் பேச்சு விழுந்ததும் இளகிவிட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. பாப்பாவும் பள்ளிக்கூடம் போகுதுங்க."

செல்வியிடம் சொன்னதும் அவள் முகம் வெளிறியது. "எனக்கு அண்ணனே இல்லீங்க்கா. அது என்ற வூட்டுக்காரரு. அந்த அடிக்குப் பயந்துதான இங்க வந்தேன்."

வேறு விடுதியில் இடம் கேட்டு நான் போன் போடுவதற்குள், மகளோடு வாசலில் நின்றாள்.

"எங்க போற செல்வி?"

"உங்ககிட்டச் சொல்ல மாட்டனுங்க்கா."

கேட்டைத் திறந்துவிட்டேன்.

இனி யார் கேட்டாலும் என்னால் விதியை மீற முடியாது. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது.