வேலைக்குப் போனால் மட்டும் வரும் சிக்னல்

ரிப்பேர் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் ஒரு செல்ஃபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஒன்பது வருஷம் ஃபோன் எடுத்தவள். சிக்னல் இல்லை என்று யார் கூப்பிட்டாலும், அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் சொல்ல அனுமதியும் இல்லை, அவளுக்கு விஷயமும் தெரியாது. சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும். ஏன் சரியானது என்ற கேள்வி மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வேலையை விட்டாள், ஆறு மாதம் ரிப்பேர் படித்தாள், ஃபோன் உறையும் சார்ஜரும் விற்கிற அக்காவின் கடையில் ஒரு மூலையைப் பிடித்து மேஜை போட்டாள். ஃபோனைத் திறக்குமுன் அவள் கேட்கிற கேள்விகளைப் பார்த்து அக்கா வைத்த பெயர் ‘வக்கீல்’.

விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர் வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்றார். வேலை செய்யும் இடத்தில் சிக்னல் முழுசாக வருகிறது, வீட்டுக்குப் போனால் ஒரு கோடுகூட இல்லை என்றார். வெளியூரில் படிக்கும் மகள் சாயங்காலம்தான் கூப்பிடுவாள், கிடைப்பதே இல்லை. ஒரு கடையில் சிம்மை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். இன்னொரு கடையில் ஃபோனில் இருந்ததையெல்லாம் அழித்துக் கொடுத்தார்கள். மகளின் படங்கள் போனதுதான் மிச்சம். வீட்டுப் பக்கம் டவர் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

“வீட்ல வேற யாராவது இதே கம்பெனி சிம் வச்சிருக்காங்களா அண்ணே?”

“என் சம்சாரம் வச்சிருக்கா. அவளுக்கு நல்லாவே வருது. நான்தான் வேணும்னே எடுக்க மாட்டேங்கறேன்னு சொல்லிட்டிருக்கா.”

அப்படியானால் டவர்மேல் பழி போட முடியாது. அவருடைய சிம்மைத் தன் ஃபோனில் போட்டாள், வேலை செய்தது. தன் சிம்மை அவர் ஃபோனில் போட்டாள், ‘சேவை இல்லை’. ஃபோனின் அடையாள எண்ணை வரவழைத்தாள். பதினைந்து இலக்கமும் ஒழுங்காக வந்தன. ஆக, சிக்னல் பகுதியின் மூளை பிழைத்திருக்கிறது. அதிலிருந்து வெளியே போகிற வழியில்தான் எங்கோ கோளாறு.

ஞாயிற்றுக்கிழமை லீவில் வீட்டில் இருக்கும்போது ஒரு தடவைகூடவா வரவில்லை என்று கேட்டாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். ஒரே ஒரு தடவை வந்ததாம். அடுப்புப் பக்கத்தில் ஃபோனை வைத்துப் பாட்டுக் கேட்டபடி அவர் சமைத்துக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாளாம்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

சலவைக்கடைக்குள் நுழைந்ததுமே ஆவி முகத்தில் அடித்தது. ஃபோனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். நீராவி இஸ்திரி மெஷினுக்கு மேலிருந்த தகரத் தட்டைக் காட்டினார். தொட்டுப் பார்த்தாள்; நல்ல சூடு. அங்கேயே ஃபோனை வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். எட்டு நிமிஷத்தில் ஒரு கோடு, பிறகு மூன்று. வாசலுக்குக் கொண்டுபோய் மழைக்காற்றில் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

“இடம் இல்லண்ணே, சூடு. சூடா இருந்தா பேசுது, ஆறினா ஊமையாயிடுது.”

“குளிருக்கு ஃபோன்கூட விறைச்சுப் போகுமா?”

எப்போதாவது கீழே விழுந்ததா என்று கேட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்தது, கண்ணாடியில் கீறல்கூட இல்லையே என்றார். கண்ணாடி தப்பித்திருக்கும், உள்ளே சிக்னலைக் கவனிக்கிற சில்லை, அதாவது சிப்பை, பலகையோடு பிடித்திருக்கும் ஈயப் பற்றில் விரிசல் விட்டிருக்கும், சூட்டில் அது கூடிக்கொள்கிறது என்று அவள் விளக்கினாள். அதுவும் அப்போதைக்கு ஊகம்தான்.

கடைக்குத் திரும்பி, சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கி ஒட்டப் பார்த்தாள். சிக்னல் வந்தது, ஆற வைத்ததும் போய்விட்டது. அவளுக்குச் சலிப்பு வரவில்லை, ஆர்வம்தான் கூடியது. மறுநாள் சில்லையே பெயர்த்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் மங்கிக் கறுத்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இந்தத் தூசிக்காகவா புருஷன் பொண்டாட்டிக்குள் சண்டை என்று கேட்டுவிட்டு அக்கா வியாபாரத்தைப் பார்க்கப் போனாள். அவள் பழைய ஈயத்தைச் சுத்தம் செய்து, புது ஈயக் குண்டுகள் வைத்துச் சில்லை மறுபடி பொருத்தினாள்.

குளிரில் நிற்குமா என்று பார்க்க வேண்டுமே! ஃபோனை ஈரம் புகாத பையில் போட்டு, பக்கத்து ஜூஸ் கடைக்காரரிடம் கெஞ்சி, அவர் ஃப்ரிட்ஜில் எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே வைத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து ஃப்ரிட்ஜுக்குள் மணி அடித்தது. கையில் இருந்த கிளாஸை வைத்துவிட்டு அவர்தான் எடுத்தார்.

“உங்கப்பா இல்லம்மா. அவர் ஃபோன் மட்டும் எங்க ஃப்ரிட்ஜுல இருக்கு. நான் ஜூஸ் கடை.”

சாயங்காலம் கிடைப்பதே இல்லை என்று மகள் அன்று பகலிலேயே கூப்பிட்டிருந்தாள். ரிப்பேர்க்காரி ஓடிவந்து ஃபோனை வாங்கி, அப்பா நன்றாக இருக்கிறார், இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கிடைப்பார் என்று சொல்லி வைத்தாள். மாலையில் இஸ்திரிக்காரர் ஃபோனை வாங்கிப் போனார். மறுநாள் காலையிலேயே வந்து, மகளோடு ஒரு மணி நேரம் பேசியதாகச் சொன்னார். சம்சாரத்துக்கு இப்போது வேறு குறையாம்: ஃபோனைக் கீழேயே வைக்க மாட்டேனென்கிறாராம்.

அவர் போனதும் அவள் மறுபடி ஜூஸ் கடைக்குப் போனாள். அடைத்த பெட்டிக்குள் சிக்னல் எந்த வழியாக நுழைந்தது, கண்ணாடிக் கதவு வழியாகவா, ரப்பர் ஓரம் வழியாகவா? தன் ஃபோனை உள்ளே வைப்பதும், கதவைச் சாத்துவதும், திறந்து பார்ப்பதுமாக நின்றாள். பழமெல்லாம் வாடிவிடும், ஒரேயடியாக மூடித் தொலைக்கச் சொன்னார் கடைக்காரர்.